சத்தமில்லாத ஆட்டோ

ஊர்க்காற்றைச் சுத்தப்படுத்தவென்று ஜோத்பூரில் பழைய டீசல் ஆட்டோக்களை நிறுத்தச் சொன்னபோது, நடுத்தெருவில் படுத்து மறியல் செய்தவர் கேவர்ராம். "மண்காத்தைத் தின்னு வளந்த நெஞ்சை இந்தப் புகை என்னய்யா பண்ணிடும்?" என்று இருமிக்கொண்டே கேட்டார். கடைசியில் வேறு வழியில்லாமல் மானியத்தில் பேட்டரி ஆட்டோ வாங்கினார்.

புகையும் போயிற்று, இருமலும் போயிற்று. சத்தமும் போனதுதான் வம்பாயிற்று. முன்பெல்லாம் அவர் வண்டி தெருமுனையில் உறுமும்போதே ஆட்கள் கை காட்டுவார்கள். இப்போது பக்கத்தில் வந்து நின்றாலும் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒருநாள் அவர் வாசலில் நிற்பது தெரியாமல், மனைவி சுக்னி பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்: "இருமல் நின்னுச்சேன்னு பாத்தா, இப்ப குறட்டை விடறாரு அக்கா!"

"அடியே, நான் இங்கதான் நிக்கறேன்!"

"திருடனாட்டம் வந்து நின்னா எப்படிங்க? ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

மறுநாளிலிருந்து கேவர்ராம் வாயாலேயே 'டுர்ர்ர்' என்று சத்தம் போட்டபடி ஓட்டினார். சவாரி கூடியது. ஆனால் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு போலீஸ்காரர் மறித்தார்.

"பேட்டரி வண்டிக்கு எதுக்குய்யா இந்தச் சத்தம்?"

"வண்டி போடல சாகிப், நான்தான் போடறேன்."

போலீஸ்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். "சரி, ஸ்டேஷன் வரைக்கும் விடு. வாயை மூடிக்கிட்டு ஓட்டு."