தீவுக்காரனுக்குத் தைத்த கொடி

கிள்ளானில் இந்தியர் கடைத்தெருவில் எனக்கு ஒரு தையல் கடை இருந்தது. நான் வெட்டுவேன், என் வீட்டுக்காரி தைப்பாள். துறைமுகத்துக் கப்பல் ஏஜண்டு ஆபீசுக்கு யூனிபார்ம், கோயில்களுக்குக் கொடியும் தோரணத் துணியும். எங்கள் சோறு அதில்தான் வந்தது. எண்பதுகளின் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, சுருட்டை முடியும் அகன்ற தோளுமாக ஒரு கப்பல்காரன் உள்ளே வந்து, சிகரெட் பெட்டி அட்டையில் வரைந்த ஒரு படத்தை மேசையில் வைத்தான். நீலம், சிவப்பு, பச்சை என்று மூன்று பட்டை. நடுவில் மஞ்சள் வட்டம். வட்டத்துக்குள் கறுப்பாக, கூராக ஏதோ ஒன்று.

அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்தால் ஒரே ஒரு ஆள் ஒழுங்காகப் பேசலாம். அதை வைத்து விஷயத்தைப் புரிந்துகொண்டேன். பசிபிக் கடலில் இருக்கும் அவனுடைய தீவு இன்னும் பிரெஞ்சுக்காரன் பிடியில் இருக்கிறது. எங்கள் தீவை எங்களிடம் விடு என்று சாலையை மறித்து நின்ற கூட்டத்தில் அவன் அண்ணனைச் சுட்டுவிட்டார்கள். செத்தவன் கையிலிருந்த கொடியையும் போலீஸ் கொண்டுபோய்விட்டது. அடுத்த மாதம் அண்ணனுக்குத் துக்கம் முடிக்கும் சடங்கு. சமாதிமேல் அதே மாதிரி ஒரு கொடியை விரிக்க வேண்டும். கப்பல் புதன்கிழமை மாலை கிளம்பி அவன் ஊருக்குத்தான் போகிறது. அதோடு அவன் வேலையும் முடிகிறது.

செவ்வாய்க்கிழமை வந்து கொடியைப் பார்த்தவன் முகம் சுருங்கிப் போயிற்று. வட்டத்துக்குள் நான் லட்சணமாக ஒரு கோபுரக் கலசத்தைத் தைத்து வைத்திருந்தேன். கோயில் துணியிலேயே பழகிய கை; கிறுக்கலைப் பார்த்ததும் கலசம் என்று முடிவு கட்டிவிட்டது.

“இது சாமி வீட்டு உச்சி. எங்களோடது மனுசன் வீட்டு உச்சி” என்றான். ஊர்ப் பெரிய வீட்டின் கூரைமேல் செதுக்கிய மரம் ஒன்றை நடுவார்களாம். அதில் சங்கு கோத்திருக்குமாம். செத்துப்போன பெரியவர்கள் அந்த வீட்டைவிட்டுப் போகவில்லை என்பதற்கு அது அடையாளம்.

நான் மன்னிப்புக் கேட்பதற்குள் அவனே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து தையலைப் பிரிக்க ஆரம்பித்தான். பிரித்துக்கொண்டே சொன்னான். “பிரெஞ்சுக்காரன் வெளியூர் ஆளுங்களைக் கப்பல் கப்பலா கொண்டாந்து எறக்கினான். இப்ப ஓட்டுப் போட்டுப் பாக்கலாம் வான்றான். எங்க மண்ணுல நாங்க கொஞ்சப் பேர் ஆயிட்டோம்.”

அதை நான் தமிழில் சொன்னதும் வீட்டுக்காரியின் மிஷின் நின்றுவிட்டது.

“ஏங்க, நம்மளையும் வெள்ளக்காரன் அப்படித்தானே கொண்டாந்தான்? நம்ம மேலயும் கோவமான்னு கேளுங்க.”

கேட்டேன். அவன் நூலைப் பல்லால் கடித்துத் துப்பினான்.

“கொண்டாந்தவன் மேலதான் கோவம். வந்தவன் என் பக்கத்துல உக்காரலாம். ஆனா என்னைக் கேட்டுட்டு உக்காரணும்.”

சனங்கள் வாயிலிருந்து விழும் பேச்சைப் பொறுக்கிச் சேர்ப்பது எனக்குப் பழக்கம். இது மட்டும் என்னையும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது. என் அப்பா வேலை பார்த்த ரப்பர்த் தோட்டம் இந்த நாட்டுப் பூர்வகுடிகளின் காட்டை அழித்துப் போட்டது. அவர்களை வெள்ளைக்காரன் கேட்கவில்லை. அவன் போன பிறகு நாங்களும் கேட்கவில்லை.

புதன்கிழமை காலை ஏஜண்டு ஆபீசில் வேலை பார்க்கும் தமிழ்ப் பையன் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றான். கடையில் கப்பல்காரனும் இருந்தான்.

“அண்ணே, அந்தக் கொடியக் குடுக்காதீங்க. கேப்டனுக்குத் தெரிஞ்சு போச்சு. பிரெஞ்சுக் கப்பல்லா அது, ஏறும்போதே புடுங்கிருவாங்க. அப்புறம் யூனிபார்ம் வேலை வேற கடைக்குப் போச்சுன்னா என்னைச் சொல்லாதீங்க.”

“அவன் கொடிய அவன் தூக்கிட்டுப் போறான். உங்க கேப்டனுக்கு எங்க வலிக்குது?”

“இது நம்ம சண்டையா அண்ணே?”

“தைச்சுத் தரேன்னு வாய் குடுத்தது நான். என் சண்டைதான். நீ போய் அப்படியே சொல்லு.”

அவன் போனதும் கப்பல்காரனிடம் என் யோசனையைச் சொன்னேன். உன் கோட்டைக் கழற்று, கொடியை உள்ளே லைனிங்காக வைத்துத் தைத்துவிடுகிறேன், எமனுக்கும் தெரியாது. எனக்கே என்மேல் பெருமையாக இருந்தது. அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

“ஒளிச்சு வைக்க மாட்டேன்னு நின்னுதான் எங்கண்ணன் செத்தான். நான் ஒளிச்சுக் கொண்டு போகவா?”

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்காரி கத்தரியை எடுத்துவிட்டாள். “ஒளிக்க வேணாம்னு சொல்லுங்க. தோள்ல ஒன்னு போட்டுக்கிட்டு எல்லாரும் பாக்கப் போகட்டும். கோட்டுக்குள்ள இன்னொன்னு தைச்சிருவோம். வீம்புக்கு ஒன்னு, அண்ணனுக்கு ஒன்னு.”

அவன் அன்றைக்குத்தான் முதல்தடவையாகச் சிரித்தான். மத்தியானச் சோற்றை மறந்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் வெட்டினேன், அவள் தைத்தாள், வட்டத்துக்குள் கூரை மரத்தை அவனே கைத்தையலாகப் போட்டான். நாலு மணிக்கு, வெயிலில் கோட்டும் தோளில் கொடியுமாக அவன் போர்ட் கிள்ளான் பஸ்சுக்கு நடந்தபோது தெருவே திரும்பிப் பார்த்தது.

வியாழக்கிழமை ஆபீஸ் பையன் மறுபடி வந்தான்.

“நான் சொன்னேன்ல? ஏறும்போதே புடுங்கி கேப்டன் ரூமுக்குக் கொண்டு போயிட்டாங்க.”

“கப்பல் கெளம்பிருச்சா தம்பி?” என்றாள் வீட்டுக்காரி.

“நேத்தே போயிருச்சுக்கா.”

“எத்தனை கொடி புடுங்குனாங்க?”

“எத்தனையா? ஒன்னுதான்.”

“அப்ப சரி. உங்க யூனிபார்ம் துணி வெட்டாம அந்த மூலையில இருக்கு பாருங்க, எடுத்துட்டுப் போங்க.”