வெளித் தாழ்ப்பாள்

இது கட்டிச் சொன்னதில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரிப் பெண்கள் விடுதியில், போன வருஷம், பட்டப்பகலில் நடந்தது.

நடந்தது ராதிகாவுக்கு. கல்வராயன் மலைப் பெண். விடுதிக்கு வந்து மூன்று மாதம். வந்த நாளிலிருந்தே எரிச்சல்தான். குளிக்க வரிசை, சாப்பிட வரிசை. இவள் முறை வரும்போது தொட்டியில் தண்ணீர் இருக்காது, குண்டானில் குழம்பு இருக்காது. வாயைத் திறந்தால் இவள் மலைப்பேச்சைக் கேட்டு அறைத்தோழி சபா சிரிப்பாள். ராதிகா பேசுவதையே விட்டுவிட்டாள்.

அன்று ஆயுத பூஜை விடுமுறை. எல்லோரும் காலையிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ராதிகா துணிமணி மொத்தத்தையும் பையில் திணித்தாள். போதும் இந்தப் பிழைப்பு, இனி திரும்பி வரப்போவதில்லை. மலைக்குக் கடைசி பஸ் ஐந்து மணிக்கு.

நாலரை இருக்கும். பையைத் தோளில் மாட்டினாள்.

டக்.

வெளித் தாழ்ப்பாள் விழுந்த சத்தம். கதவை இழுத்தாள். வரவில்லை.

"ஏய் சபா, நீ இன்னும் போவலியா? வெளையாடாத! எனக்கு பஸ்ஸு போயிடும்!"

குத்தினாள், உதைத்தாள். கை சிவந்ததுதான் மிச்சம். ஆத்திரத்தில் அழுகை முட்டியது.

அப்போது வெளியிலிருந்தும் யாரோ தட்டினார்கள்.

மெதுவாக... பிறகு வேகமாக...

"தொறங்கக்கா..."

சின்னப் பெண்ணின் குரல். சபா இல்லை.

"இன்னாடி வெளாட்டு இது? தாழ்ப்பா உன் பக்கந்தான இருக்கு? நீ தொற!"

மறுபடி தட்டல்.

"இல்லக்கா... உங்க பக்கந்தான் இருக்கு. எனக்கு பஸ்ஸு போயிடும்க்கா..."

ராதிகா குனிந்து கதவின் கீழ் இடுக்கில் பார்த்தாள்.

வெயில். தரை.

கால்கள் இல்லை.

தட்டல் மட்டும் நிற்கவில்லை...

எழுந்து பின்வாங்கினாள். ஆனால் அந்தக் குரலின் இழுவை... அவள் ஊர் இழுவை. இத்தனை நாளாக அவள் விழுங்கி வைத்திருந்த பேச்சு.

கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். சொன்னாள்.

"அழுவாத புள்ள. நான் எங்கயும் போவல."

தட்டல் குறைந்தது.

நின்றது.

தூரத்தில் பஸ் ஹாரன்.

கதவு தானாகத் திறந்தது. வெளியே யாருமில்லை.

ராதிகா விடுதியிலேயே தங்கும் சமையல்கார அமிர்தம் அக்காவோடு அந்த விடுமுறையைக் கழித்தாள். ஊருக்குப் போகவில்லை. திரும்பி வந்த சபா வழக்கம்போல் சிரித்தாள். "சிரிச்சிக்கோ. நான் இப்டித்தான் பேசுவேன்" என்றாள் ராதிகா. சபா அப்புறம் சிரிக்கவில்லை.

ஒரு நாள் வெங்காயம் உரிக்கும்போது ராதிகா கேட்டாள். "அக்கா, எங்க ரூமு வெளித் தாழ்ப்பாள கழட்டச் சொல்லுங்களேன்."

அமிர்தம் நிமிர்ந்தாள். "எந்தத் தாழ்ப்பா? இங்க எந்த ரூமுக்கும் வெளிய தாழ்ப்பாளே கெடையாதே. அப்பவே புடுங்கிட்டாங்க."

"எப்ப?"

"உங்க மலப்பொண்ணு ஒண்ணு... கூட இருந்தவளுங்க வெளாட்டுக்குத் தாழ்ப்பா போட்டுட்டு, மறந்து ஊருக்குப் போயிட்டாளுங்க. பொங்க லீவு. ஆஸ்டலே காலி. வந்து தொறந்தா..."

"எந்த ரூமுக்கா?"

"உன் ரூமுதான். கதவுல முதுவ சாச்சி உக்காந்த மேனிக்கே இருந்துச்சாம்... உள்பக்கமா."