முள் இறங்கிய வேகம்

திரையில் முள் விழுந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது.

விழுப்புரத்தில், எங்கள் மருத்துவக் கல்லூரித் துறையின் கூட்ட அறையில், பகல் மூன்று மணி. உயர் ரத்த அழுத்தத்துக்கான சர்வதேச மருத்துவச் சங்கத்தின் ஆட்சிக்குழுவில் அன்று புதிய உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவர் எங்கள் பேராசிரியை. இணையவழிக் கூட்டம். புதியவர்கள் ஒவ்வொருவரும் தம் ஊரில் செய்த வேலையை இரண்டு நிமிடம் காட்ட வேண்டும். மேடம் காட்டியது திண்டிவனம் ரத்த அழுத்தப் பரிசோதனை முகாமில் எடுத்த வீடியோ. அதில் நான் இருந்தேன்.

ஓர் அக்காவின் கையில் பட்டையைச் சுற்றுகிறேன். ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றேற்றுகிறேன். காற்றை வெளியே விடும் திருகைத் திறக்கிறேன். முள் சரேலென்று அடியில் போய் விழுகிறது. காற்றை மெதுவாக விட்டால்தான் நாடியின் முதல் தட்டல் எந்த எண்ணில் கேட்கிறதென்று பிடிக்க முடியும். அந்த வேகத்தில் விட்டால் அது நழுவிவிடும். அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும். அன்றைக்கு வரிசை வாசலைத் தாண்டி நின்றது. எல்லோரையும்விட நான்தான் ஜல்தி என்று பெயர் வாங்கியிருந்தேன்.

"செம ஸ்பீடுடி நீ," என்று தோழி இடித்தாள். அறை கைதட்டியது. இதைப் பயிற்சிக்காக மற்ற நாடுகளுக்கும் அனுப்பலாமே என்றார் சங்கத் தலைவர். மேடம் சிரித்தபடி தலையாட்டினார்.

எனக்கு அந்த அக்கா கேட்டதுதான் காதில் ஓடியது. "அப்போ மாத்திரய நிறுத்திடவா பாப்பா?" நார்மல்தான்க்கா என்றேன். நிறுத்தாதீங்க என்று சொல்லவில்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

முகாம் பதிவேட்டில் இருந்த அவருடைய எண்ணுக்கு அழைத்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் காலையில்தான் எடுத்தார். "வானூராண்ட சைட்டுல கீறேன், அப்புறமா பேசு." பின்னால் கலவை மிஷினின் இரைச்சல்.

கருவியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விசாரித்துப் போய்ச் சேர்ந்தபோது அவர் இரண்டாவது மாடிச் சாரத்தில் இருந்தார், தலையில் சிமெண்ட் சட்டியோடு.

"அக்கா, கீழ வாங்க!"

"என்னா பாப்பா, செங்கல்லுக்கும் பி.பி. பாக்க வந்தியா?"

மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "சீக்கிரம் பாரும்மா. காலைலேந்து ரெண்டு தபா சாரத்தப் புடிச்சிக்கினு அப்படியே நின்னுடிச்சி."

இறங்கி வந்தவரை மணல் மூட்டைமேல் உட்காரவைத்து ஐந்து நிமிடம் பேசாமல் இருக்கச் சொன்னேன். முகாமில் ஒருவருக்கும் நான் தராத ஐந்து நிமிடம். பிறகு காற்றேற்றி, திருகை மயிரிழை அளவு திறந்தேன். முள் நகர்ந்தது. நூற்றுத் தொண்ணூற்றாறில் முதல் தட்டல். இன்னொரு கையிலும் பார்த்தேன். அதேதான்.

"மாத்திர போட்டுக்கினு இருக்கீங்களாக்கா?"

"நீதான நார்மல்னு சொன்ன? அன்னியோட நிறுத்திட்டேன். தலைதான் ஒரே பேஜாரா கீது."

அவரைச் சாரத்தில் திரும்ப ஏறவிடாமல் ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனேன். நடந்ததை அங்கே இருந்த டாக்டரிடம் ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னிக்கு வீட்டுக்கு அனுப்ப முடியாது," என்று மட்டும் சொன்னார்.

கட்டிலில் படுத்தபடி அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். "அன்னிக்கு எனக்குப் பின்னாலயே என் தங்கச்சி நின்னுதே. அதுக்கும் நீதான பாத்த?"

ஆமாம். நான்தான். அதற்கும் பின்னால் நின்றவர்களுக்கும் நான்தான்.

மேடத்துக்கு, அந்த வீடியோவை யாருக்கும் அனுப்ப வேண்டாம் என்று மட்டும் இப்போது செய்தி போட்டிருக்கிறேன். நாளை அவர் அறையில் அதை ஓடவிட்டு, முள் விழும் இடத்தில் நிறுத்திக் காட்டப் போகிறேன். அதற்கு முன் திண்டிவனம் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தங்கச்சி வீட்டில் தொடங்கி, பதிவேட்டில் என் கையெழுத்து உள்ள ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, மறுபடியும், மெதுவாக.