அலாரம் அடித்தது, பையை எடுத்தேன்

சென்ற தை மாதம் பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் அப்பா வீட்டில் தங்கையின் கல்யாணம். முகூர்த்தத்துக்கு முதல் நாள் காலையில் நடந்த கூத்து இது. இப்போது சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அன்றைக்கு எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஸ்கூட்டரைக் கடைத்தெருவில் நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவில் வீடு வந்து, வண்டி திருடு போய்விட்டது என்று தெருவையே கூட்டியவள் நான். பட்டுக் கடையில் வேலை பார்த்தபோது ஒரு அம்மாவுக்குப் புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே பக்கத்துக் குடும்பத்தின் சண்டைக்குக் காது கொடுத்து நின்றிருக்கிறேன். அடுப்பில் வைத்த பாலைப் பற்றிக் கேட்காதீர்கள். "தலை கழுத்துல ஒட்டிக்கினு இருக்குது, அதனால பொழச்ச. இல்லன்னா அதையும் எங்கனா வெச்சிட்டு வந்திருப்ப" என்பாள் அம்மா. எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். தனியாக இருக்கும்போது அழுவேன்.

முப்பத்தாறு வயதில்தான் சென்னையில் ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். இரண்டு மூன்று முறை வரச் சொல்லி, பள்ளிக்கூட நாளிலிருந்து எல்லாவற்றையும் கேட்டார். ஏ.டி.எச்.டி. என்றார். கவனக் குறைபாடு, குழந்தைகளுக்கு மட்டும் வருவதில்லை, உங்களுக்குச் சிறு வயதிலிருந்தே இருந்திருக்கிறது, யாரும் கண்டுகொள்ளவில்லை என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். துக்கத்தில் இல்லை. நான் சோம்பேறி இல்லை, திமிர் பிடித்தவள் இல்லை என்று முதல் தடவையாக ஒருவர் சொல்லிவிட்டாரே, அதற்காக.

மாத்திரை கொடுத்தார். கூடவே சில பழக்கங்களும் சொல்லிக் கொடுத்தார். எல்லாவற்றுக்கும் போனில் அலாரம் வையுங்கள். ஒரு பொருளை வைக்கும்போது அதைத் தொட்டு, வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏதாவது தொலைந்தால் மறைக்காதீர்கள், முதலில் ஒருவரிடம் சொல்லுங்கள்; மறைப்பதற்குப் படும் பாட்டில்தான் பாதி நேரம் போகிறது என்றார். அன்றிலிருந்து "சாவிய ஆணில மாட்டிட்டேன்", "கேஸ மூடிட்டேன்" என்று வீட்டில் சத்தமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன். காத்து கருப்பு ஏதாவது அடித்திருக்கும் என்று எதிர் வீட்டில் பேசிக்கொண்டார்களாம். அம்மாவுக்கும் நம்பிக்கை இல்லை. "மாத்திர போட்டா பொறுப்பு வந்துருமா? இன்னாடி கத இது?" என்றாள்.

இப்போது புடவைக்கு வருகிறேன். தங்கையின் முகூர்த்தப் புடவையை அப்பாவே தறியில் நெய்தார். அரக்கு உடல், பச்சைக் கரை. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுப் பெண்ணுக்கு நெய்த புடவையைத் தறியிலிருந்து அறுத்ததும் அம்மன் காலடியில் வைத்து எடுத்து வர வேண்டும். அதுவரை முந்தானை ஓரத்தில் நூல்கள் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும். வந்த பிறகுதான் வீட்டுப் பெண்கள் அந்த நூலைப் பிரித்துக் குஞ்சம் முடிவார்கள். குஞ்சம் முடிவதுதான் எனக்கு உருப்படியாக வந்த தொழில். கை வேலை செய்யும், மனசு எங்கே வேண்டுமானாலும் ஊர் சுற்றலாம்.

புடவையைக் கோயிலுக்கு அத்தை எடுத்துப் போகட்டும் என்றாள் அம்மா. தங்கை விடவில்லை. "அக்காதான் எடுத்துக்கினு போவணும். வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன்" என்றாள். அம்மாவின் நம்பிக்கையில்லாத முகத்தைப் பார்த்தேன். அந்த முகத்துக்காகவாவது இதைச் சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கோயிலில் கல்யாணக் கூட்டம். வாசல் கடையில் அர்ச்சனைச் சாமான் வாங்கினால் மஞ்சள் துணிப்பையில் போட்டுத் தருவார்கள். எல்லோர் கையிலும் அதே பைதான். புடவை அம்மன் காலடியிலிருந்து பூவோடும் குங்குமத்தோடும் திரும்பி வந்தது. பையில் வைத்தேன். பையைத் தொட்டு, "புடவைய பையில வெச்சிட்டேன்" என்று சொன்னேன். பையைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கோயில் மண்டபத்தில் சற்று உட்கார்ந்தேன். பக்கத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று. பெண்ணுக்குப் புடவை எடுத்த கையோடு அம்மனிடம் வைத்து வாங்க வந்தவர்கள். அவர்கள் பேச்சு என்னை இழுத்துக்கொண்டது. மாமா ஒருவர் திருப்பருத்திக்குன்றம் சமணர் கோயிலில் கூரை ஓவியம் பார்த்தே தீர வேண்டும் என்கிறார். சிறு பெண் ஐஸ்கிரீம் என்கிறாள். கல்யாணப் பெண்ணின் அம்மா, "ஓவியம் பாத்துட்டு நேரா ஊருக்கு, ஐஸ்கிரீமும் கெடையாது ஒண்ணும் கெடையாது" என்கிறார். சிறு பெண் உதட்டைப் பிதுக்குகிறாள்.

அப்போது என் அலாரம் அடித்தது. நானே பதிந்து வைத்திருந்த வாசகம் திரையில் வந்தது: பையை எடு. எடுத்தேன். எந்தப் பை என்று அலாரம் சொல்லவில்லையே!

வீட்டுக்கு வந்து, குஞ்சம் முடியப் பாயை விரித்து, பையிலிருந்து புடவையை எடுத்தேன். எங்கள் ஊரில் சரிகை உள்பக்கம் போகும்படி மடிப்பார்கள். கையில் இருந்ததும் அரக்குதான், மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. முந்தானையைப் பிரித்தேன். அங்கே அழகாக முடிந்த குஞ்சம் ஆடிக்கொண்டிருந்தது.

நெசவாளி வீட்டுப் பெண், அப்பா நெய்த புடவையை விட்டுவிட்டு யார் புடவையையோ கட்டிக்கொண்டு மணையில் உட்காருவதா? அப்பா கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தார். அம்மா சமையலறையில். சத்தமில்லாமல் நழுவி ஓடிப்போய்த் தேடிவிடலாம் என்று கால் வாசல் பக்கம் திரும்பிவிட்டது. இத்தனை வருடமும் அதைத்தான் செய்திருக்கிறேன். அன்று உள்ளறைக்குப் போனேன். நலங்கு வைத்த மஞ்சளோடு உட்கார்ந்திருந்த தங்கையிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பின்னால் அம்மா வந்து நின்றதை நான் பார்க்கவில்லை.

"நான் தலபாடா அடிச்சிக்கினேனே! கேட்டாங்களா?" என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அம்மா, நீ கொஞ்சம் சும்மா இருமா" என்ற தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, அழாத. பக்கத்துல யாரு இருந்தாங்க? இன்னா பேசிக்கினாங்க? உனக்குத் தெரியாம இருக்காது. சொல்லு."

கல்யாணப் பேச்சு, மாமா, ஐஸ்கிரீம், பிதுங்கிய உதடு எல்லாம் வரிசையில்லாமல் கொட்டின. திருப்பருத்திக்குன்றம் என்ற வார்த்தை வந்ததும் தங்கை நிறுத்தினாள். "அங்கதான் இருப்பாங்க. ஓடு. மதியானம் நடை சாத்திடுவாங்க."

எங்கள் தெரு ஆட்டோக்கார பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எங்கன்னு மட்டும் சொல்லுமா" என்று வண்டியை விட்டார். வழியெல்லாம் அந்தப் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தேன். இதையும் தொலைத்துவிட்டால் இன்னொரு வீட்டுக் கல்யாணமும் என் கணக்கில் சேர்ந்துவிடுமே!

கோயில் வாசலில் அவர்கள் வேன் நின்றது. உள்ளே எல்லோரும் அண்ணாந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிறு பெண்ணைத் தவிர. கல்யாணப் பெண்ணின் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் நம்பவில்லை. "எம் பை எங்கிட்டதான் இருக்கு, நான் கையை விட்டு எறக்கவே இல்லை" என்றார். தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்து பார்த்தார். குஞ்சம் முடியாத நூல்கள் தொங்கின. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவரும் கீழே வைத்திருக்கிறார், அவரும் பார்க்காமல் எடுத்திருக்கிறார். எனக்காவது அலாரம் அடித்தது.

புடவைகளை மாற்றிக்கொண்டோம். அவர் என் கையைப் பிடித்து, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் ஒரு பார்வை பார்த்து, மெதுவாகச் சொன்னார்: "யார்கிட்டயும் சொல்லிடாதம்மா. எங்க வீட்ல நாந்தான் ரொம்பப் பொறுப்புன்னு பேரு. என்னை நம்பித்தான் குடுத்தாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. "நான் எங்க வீட்ல ஏற்கெனவே சொல்லிட்டேன்மா. உங்க வீட்ல சொல்ல மாட்டேன்" என்றேன். அந்த அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு தடவைகூடத் தவறக் கூடாத பெயரைக் காப்பாற்றுவது எவ்வளவு கஷ்டம்!

வீடு வந்ததும் தங்கை வாசல்வரை ஓடி வந்தாள். நலங்கு வைத்த பெண் படி தாண்டக் கூடாது என்று அம்மா கத்தினாள். புடவையை இருவருமாகப் பாயில் விரித்து, நான் குஞ்சம் முடிந்தேன். சாயங்காலம் அப்பா வந்து முந்தானையைத் தடவிப் பார்த்து, "நல்லா முடிஞ்சிருக்கிறமா" என்றார். காலையில் நடந்ததை நானே அவரிடமும் சொல்லிவிட்டேன். அவர், "சாப்ட்டியா?" என்று கேட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் விடியலில் மண்டபத்தில் ஒரே பரபரப்பு. தங்கையின் நகைப் பையை யாரிடம் கொடுப்பது என்று அம்மா சுற்றுமுற்றும் பார்த்தாள். அத்தை கையை நீட்டினாள். அம்மா அத்தையைத் தாண்டி என்னிடம் வந்தாள். பையை என் கையில் வைத்து, அதன் மேல் தன் கையையும் வைத்து, மேளச் சத்தத்தையும் மீறி உரக்கச் சொன்னாள்:

"நகைப் பைய பெரியவகிட்ட குடுத்துட்டேன்."

நானும் தொட்டுச் சொன்னேன்: "வாங்கிக்கினேன்."

என் கவனம் இன்றும் ஊர் சுற்றத்தான் செய்கிறது, மாத்திரையும் அலாரமும் தொடர்கின்றன, போன வாரம்கூடப் பால் பொங்கி வழிந்தது. ஆனால் அன்று என் கையின் மேல் அம்மாவின் கை இருந்த அந்த ஒரு நொடி மட்டும் எனக்கு மறப்பதே இல்லை.