பெருங்களத்தூரில் ஒரு ஜோடிப் படம்

தலைதீபாவளிக்கு மாமியார் வீடு போக, பெருங்களத்தூரில் விழுப்புரம் பஸ்ஸுக்காக நிற்கிறோம். ஊரே ரோட்டில் நிற்கிறது.

"கல்யாண ஆல்பத்துக்கு அப்புறம் சேர்ந்து ஒரு போட்டோ கூட இல்ல" என்கிறாள் மனைவி.

பழைய சாமான் கடையில் நான் வாங்கிய சின்ன பிலிம் கேமராவில் இன்னும் இரண்டு படம்தான் மிச்சம். நல்லவேளை, சில நொடி கழித்துத் தானே படம் எடுக்கும் விசை அதில் இருக்கிறது. டீக்கடை மேசையில் வைத்து, விசையைத் தள்ளிவிட்டு, அவளிடம் ஓடுகிறேன்.

"சார், கேமராவ வுட்டுட்டுப் போறீங்க!"

டீக்கடைக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடி வருகிறார். பாதி வழியில் 'க்ளிக்'. வானமோ அவர் லுங்கியோ, ஏதோ ஒன்று படத்தில் விழுந்திருக்கும்.

"அது தானாவே எடுக்கும்ணா. யாரும் தொடாம பாத்துக்குங்க, போதும்."

"அவ்ளோதான? நான் கீறேன், நீ போ சார்."

மறுபடி மேசையில் வைத்து, விசையைத் தள்ளிவிட்டு அவளிடம் ஓடிப்போய், தலையைச் சரிசெய்துகொண்டு, சிரித்தபடி நிமிர்கிறேன். அவர் கேமராவுக்கு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தை மறித்துக்கொண்டு நிற்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் கடைசி 'க்ளிக்' கேட்கிறது.

"ஒருத்தனையும் கிட்ட வுடல சார்" என்கிறார் பெருமையாக. "ரெண்டு பேரும் இன்னா அழகா நின்னீங்க! நான் பாத்துக்கினே இருந்தேன்."