காணாமல் போன சுழி

குடையக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். முன்னே ஒரு தையல் கம்பெனியில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். "பாத்ரூம் போறதுக்கும் கை தூக்கணுமா? நான் என்ன ஒண்ணாங்கிளாஸா?" என்று மேஸ்திரியைக் கேட்டுவிட்டு அன்றைக்கே வெளியே வந்தாள். கையோடு வந்தது ஒரு பெரிய ஊசி. வாய் ஏற்கெனவே கூடவே இருந்தது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு வீட்டின் முன்னறையில் ஒடிந்த குடைகளுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தாள். பதினெட்டு வருஷம் ஆகிறது. கம்பி போனது, துணி கிழிந்தது, அழுத்தும்போது திறக்காமல் பஸ்ஸுக்குள் தானாகத் திறந்து பக்கத்து ஆள் மூக்கைப் பதம் பார்ப்பது, எல்லாம் அவளிடம்தான் வரும்.

அவள் புருஷன் பெயிண்டர். ஊரார் வீடெல்லாம் அவன் கையால் பளபளக்கும். சொந்த வீட்டுச் சுவர் மட்டும் அவனைக் கண்டதே இல்லை.

வீட்டில் தொழில் நடத்த நகராட்சியிடம் நிலப் பயன்பாட்டு அனுமதி வாங்க வேண்டும். வாங்கினால் விஷயம் முடிந்தது என்று நினைக்கக் கூடாது. எதற்குக் கொடுத்தார்களோ அதுதான் நடக்கிறதா என்று எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்க அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரம் பதினெட்டு வருஷமாக நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் என்ன கனவு கண்டதோ, விழித்துக்கொண்டது. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு ஆய்வு என்று நோட்டீஸ் வந்தது.

நோட்டீஸைப் பார்த்ததும் புருஷனுக்கு வீரம் வந்துவிட்டது.

"இடம் சுத்தமா இருந்தா எந்த அதிகாரியும் வாயைத் திறக்க மாட்டான்டி. நீ சும்மா இரு."

மூன்றே நாள். சுவருக்கு வெள்ளை, கதவுக்கு நீலம், ஜன்னல் கம்பிக்குக் கறுப்பு. தொங்கிய குடைகளையெல்லாம் வாரிப் பின்னறையில் போட்டான். முன்னறை, பல் விளக்கிய வாய் மாதிரி பளிச்சென்று காலியாக இருந்தது.

வந்த இன்ஸ்பெக்டர் ஒல்லியான மனிதர். சிரிப்பையும் அளந்துதான் செலவழிப்பார் போல. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த பர்மிட்டை இறக்கச் சொல்லி, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்தார்.

"ஏம்மா, இது என்ன கடை?"

"குடைக்கடை சார்."

"இதுல அப்படி இல்லையே. 'கடை பழுதுபார்த்தல்'னு போட்டிருக்கு."

குடையக்கா எட்டிப் பார்த்தாள். ஆமாம். கானாவுக்குக் கீழே வர வேண்டிய சுழியைக் காணோம். எழுதிய குமாஸ்தாவுக்குத் தூக்கமோ, பேனாவில் மை தீர்ந்ததோ! இத்தனை வருஷமும் வந்து போனவர்கள் எல்லோரும் அதைக் 'குடை' என்றே வாசித்தார்கள். தலைக்கு மேலே நாற்பது குடை தொங்கினால் வேறு எப்படித்தான் வாசிப்பார்கள்?

"கீழே பாருங்க, 'பணி முடியும்வரை செல்லும்'னு அச்சடிச்சிருக்கு," என்றார் அவர். "கடையை ரிப்பேர் பண்ணத்தான் உங்களுக்கு அனுமதி. ரிப்பேர் முடிஞ்சா பர்மிட்டும் முடிஞ்சுது. பூட்டி சீல் வைக்கணும்."

"ஒரு சுழிதானே சார்? பேனா தரேன், போட்டு விடுங்க."

"ஆபீஸ் பேப்பர்ல நான் சுழி போட்டா, என் தலையில சுழி போட்டுருவாங்க."

"அப்ப புதுசா எழுதிக் குடுங்க."

"இந்தத் தெரு இப்ப குடியிருப்புக்கு மட்டும்னு ஆயிருச்சு. புது மனு போட்டா அன்னைக்கே தள்ளுபடி. உங்களுக்கு இந்தப் பழைய காகிதம்தான் உசுரு."

சொல்லிவிட்டு அவர் சுவரைத் தடவிப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது. "சுவரு புதுசு, கதவு புதுசு. வேலை முடிஞ்சிருச்சுன்னுதான் தெரியுது," என்று படிவத்தை எடுத்தார்.

குடையக்கா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். "இருபத்தஞ்சு வருஷமாக் கெஞ்சினேன். ஒரு சுவருக்குப் பிரஷ் எடுத்தியாய்யா? இன்னைக்குன்னு பாத்து எடுத்திருக்கியே, நீ நல்லா இருப்பியா?"

அவன் கதவின் நீலத்தில் ஏதோ குறை கண்டவன்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் விறுவிறுவென்று பின்னறைக்குப் போனாள். குடைகளை இரண்டு கையாலும் அள்ளிவந்து இன்ஸ்பெக்டர் காலடியில் கொட்டினாள். மறுபடி போனாள், மறுபடி கொட்டினாள். நாலு நடையில் அவர் முழங்கால் வரை குடை.

"சார், இதெல்லாம் எடுத்துட்டா இங்க என்ன மிச்சம்? நானும் இந்த மனுஷனும். எங்களை வச்சுக் கடைன்னு சொல்வீங்களா? இவரை யாராச்சும் வாங்குவாங்களா?"

"அது எப்படிம்மா…"

"அப்ப கடைன்னா இதுதான். கடை ஒடிஞ்சு கிடக்கு. நான் ரிப்பேர் பண்ணிட்டிருக்கேன். முடிஞ்சுதா முடியலையா, நீங்களே பாருங்க."

"கண்ணால பாக்குறதைத்தான் நான் எழுதுவேன்."

"அதைத்தானே சொல்றேன், உக்காந்து பாருங்க!"

ஒரு முக்காலியை அவர் பக்கம் தள்ளிவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள், ஊசியில் நூல் கோத்தாள். அவரும் வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார். ஒரு கம்பியை நிமிர்த்திக் கட்டுவதற்குள் தபால்காரர் ஒரு குடையோடு வந்தார். துணி ஒட்டுப் போடுவதற்குள் எதிர் வீட்டு டீச்சர் மூன்று கொண்டுவந்தாள். மதியத்துக்குள் இன்னும் இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று முடிந்திருந்தது, ஆறு கூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் அந்த ஆறையும் தொட்டு எண்ணினார். பிறகு பேனாவைத் திறந்து, சொல்லிக்கொண்டே எழுதினார்.

"கடையில் பழுதுபார்க்கும் பணி நடைபெறுகிறது. நேரில் கண்டேன். முடிவதற்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை."

"கையெழுத்துப் போடுங்க சார்," என்றாள் குடையக்கா. போட்டார்.

அடுத்த மாதம் ஆபீஸிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பதினெட்டு ஆண்டுகளாகியும் பணி முடியாதது வருத்தத்துக்குரியது, கூடுதல் ஆள் வைத்து விரைவுபடுத்தவும் என்று முத்திரை குத்தி எழுதியிருந்தார்கள். மேலிடம் சொன்னால் கேட்க வேண்டாமா? வீட்டில் சும்மா இருந்த நாத்தனாரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்கார வைத்து, கையில் ஊசியைக் கொடுத்தாள். இப்போது இரண்டு பேருமாகச் சேர்ந்து முடிக்காமல் இருக்கிறார்கள்.