சென்சாருக்கு வைத்த பொட்டு

விஜயதசமியன்று காலையில் பட்டனை அழுத்தினால் மெஷின் அசையவே இல்லை. சிவப்பு விளக்கு மட்டும் எரிந்தது.

டி-ஷர்ட்டுக்குப் பிரிண்ட் போடும் எங்கள் ஷெட் திருவெறும்பூரில் இருந்தது. சட்டையைப் பலகையில் மாட்டினால் போதும். ஆட்டோமேட்டிக் மெஷின் அதைச் சுற்றிக்கொண்டுபோய் ஸ்கிரீன் என்கிற வலைச்சட்டம் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு கலர் போட்டுக் கொண்டுவந்துவிடும். அதன் ஆபரேட்டர் நான். மறுநாள் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா. மதியத்துக்குள் சட்டைகள் போகாவிட்டால் ஆர்டர் அவ்வளவுதான். வேனும் வாசலில் வந்து நின்றுவிட்டது.

முதலாளி ரெங்கராஜன் சார் ஸ்ரீரங்கத்துக்காரர். பதறினால் அவர் குரல் கீச்சென்று ஆகிவிடும்.

"என்னம்மா ஜெசிந்தா, நேத்துதான் பூஜை போட்டோம், இன்னிக்கே படுத்துக்கிச்சே!"

"சென்சார் நிறுத்தி வெச்சிருக்கு சார். யாரோட கையோ உள்ள இருக்குன்னு நெனச்சுக்குது."

"யார் கையும் இல்லையே! அந்தச் சென்சாரைக் கழட்டிட்டு ஓட்டுங்க."

"கழட்டினா நான் ஓட்ட மாட்டேன் சார்."

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். ஆர்டர் போனால் பழி என் தலையில் விழும். ஆனால் சுற்றுகிற பலகைக்குச் சட்டையும் கையும் ஒன்றுதான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சென்சாரின் கண்ணாடியில் அப்பிய சந்தனம், நடுவே குங்குமம். ஆயுதபூஜையில் மெஷின் முழுக்கப் பொட்டு வைத்தது சாரேதான்.

"சார், பொட்டை நெத்தியில வைக்கணும். நீங்க கண்ணுலயே வெச்சுட்டீங்க!"

"அதுக்கு எது நெத்தின்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

ஷெட்டே சிரித்தது. வேன் டிரைவர்கூட எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

கண்ணாடியைத் துடைத்துச் சுவிட்சைப் போட்டதும் பச்சை விளக்கு வந்தது. இதற்குள் ஸ்கிரீனில் இங்க் காய்ந்திருந்தது. அப்படியே ஓட்டினால் முதல் சட்டை வெளுத்தும் கடைசிச் சட்டை அடர்ந்தும் வரும். ஸ்கிரீனைச் சுத்தம் செய்து, வேஸ்ட் துணியில் கலர் ஒரே மாதிரி விழும்வரை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் நல்ல சட்டையை மாட்டினேன்.

முதல் சட்டை பளிச்சென்று வந்தது. சாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அடடா, காட்டுங்க!" என்று ஓடுகிற மெஷினுக்குள் கையை நீட்டிவிட்டார்.

டக்கென்று மெஷின் நின்றது. அடுத்த பலகை அவர் விரலுக்கு ஒரு சாண் தள்ளி நின்றது.

"ரெங்கா!" என்று பெருமாளைக் கூப்பிட்டவர் கையை மெல்ல இழுத்து, விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார். பிறகு முதலில் சிரித்தது அவர்தான். அப்புறம் எங்களால் அடக்கவே முடியவில்லை, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தோம்.

சட்டைகள் மதியத்துக்குள் வேனில் ஏறிவிட்டன. புதிதாக மெஷினில் நிற்க வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: சென்சாரைக் கழற்றச் சொல்கிறவருடைய கையும் அதே மெஷினுக்குள்தான் போகும்.